உங்கள் பாதத்துக்கு ஏற்ற காலுறை எது? மூத்தோருக்கான வழிகாட்டி

நம் மூத்தோரில் பலர் வாழ்நாள் முழுவதும் காலுறை போட்டுப் பழகாதவர்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டியபோது வெறுங்கால் அல்லது ரப்பர் பூட்ஸ். வீட்டுக்குள் வெறுங்கால். கடைக்குப் போக சிலிப்பர். காலுறை என்றால் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் போடுவது என்றே பலர் நினைக்கிறோம்.

வயது கூடக்கூடப் பாதம் மாறுகிறது. அடிப்பாதத்தில் மெத்தைபோல் இருக்கும் கொழுப்பு மெலிகிறது. தோல் காய்ந்து வெடிக்கிறது. விரல்கள் வளைகின்றன, மாலையில் கணுக்கால் வீங்குகிறது. இனிப்பு நீர் இருந்தால் பாதத்தில் உணர்ச்சியும் குறையலாம். அப்படிப்பட்ட பாதத்துக்குச் சரியான காலுறை ஒரு பாதுகாப்பு. தவறான காலுறையோ புண்ணையும் வழுக்கி விழுதலையும் கொண்டுவரும்.

சிம்பாங் அம்பாட், புக்கிட் தம்புன், சுங்கை பாக்காப், நிபோங் திபால் வட்டாரங்களில் வாழும் மூத்தோரும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் படித்துப் பயன்பெற இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

இது ஏன் நமக்கு முக்கியம்?

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் உள்ளது. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இதே ஆய்வு 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் நடந்தபோது, நாட்டின் பெரிய இனங்களில் இந்தியரிடையேதான் இந்நோய் மிக அதிகமாகக் காணப்பட்டது.

இனிப்பு நீர் நோயால் காலையோ விரலையோ இழப்பவர்களில் பெரும்பாலோருக்கு, பத்தில் எட்டுப் பேருக்கு மேல், முதலில் வந்தது பாதத்தில் ஒரு புண். அந்தப் புண் சப்பாத்து கடித்ததிலோ காலுறையின் மடிப்பு அழுத்தியதிலோ கூடத் தொடங்கியிருக்கலாம். வலி தெரியாததால் கவனிக்காமல் விட்டதே அது பெரிதாகக் காரணம். ஆகவே காலுறையைத் தேர்ந்தெடுப்பதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம்.

முதலில் உங்கள் பாதத்தைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் உங்கள் பாதத்தில் என்ன பிரச்சினை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிச்சமான இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பாருங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டால் மகளையோ மருமகளையோ பேரப்பிள்ளையையோ பார்க்கச் சொல்லுங்கள்.

பார்க்க வேண்டியவை:

• விரல் இடுக்கில் ஈரம், வெள்ளையாக ஊறிய தோல், அரிப்பு
• குதிகாலில் வெடிப்பு, இரத்தக் கசிவு
• சிவந்த இடம், கொப்புளம், கருத்த தோல்
• கால் ஆணி, காய்ப்பு
• வீக்கம், சென்ற முறை போட்ட காலுறையின் ஆழமான தடம்
• ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருத்தல்

உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஓர் எளிய முறை உண்டு. இது இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவான முறை. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

1. காலுறையையும் செருப்பையும் கழற்றிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். கண்களை மூடிக்கொள்ளுங்கள்.
2. வீட்டில் ஒருவர் தம் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கால்விரல் நுனியை ஒன்று அல்லது இரண்டு விநாடி மெதுவாகத் தொடட்டும். அழுத்தவோ குத்தவோ தட்டவோ தடவவோ கூடாது.
3. ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என மொத்தம் ஆறு விரல்களைத் தொட வேண்டும். ஒரு விரலை ஒரு முறைதான் தொட வேண்டும்.
4. தொட்டது தெரிந்ததும் “வலது” அல்லது “இடது” என்று சொல்லுங்கள்.

ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விரல்களில் தொட்டது தெரியாவிட்டால், உங்கள் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது இதை டாக்டரிடமோ தாதியிடமோ சொல்லுங்கள். எல்லா விரல்களிலும் உணர்ச்சி இருந்தாலும், இனிப்பு நீர் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கிளினிக்கில் பாதப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் பொருந்தும் ஐந்து அடையாளங்கள்

பாதத்தில் எந்தப் பிரச்சினை இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலுறை வாங்கும்போது இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. அளவு

“எல்லா அளவுக்கும் பொருந்தும்” என்று விற்கப்படும் காலுறை பெரும்பாலும் யாருக்கும் சரியாகப் பொருந்தாது. சிறியதாக இருந்தால் விரல்களை ஒன்றோடொன்று நெருக்கும். பெரியதாக இருந்தால் சப்பாத்துக்குள் மடிந்து, அந்த மடிப்பு தோலை உராய்ந்து கொப்புளம் உண்டாக்கும். காலுறையின் குதிகால் பகுதி உங்கள் குதிகாலில் சரியாக உட்கார வேண்டும். உள்ளே விரல்களை அசைக்க முடிய வேண்டும். பாதம் மாலையில் சற்றுப் பெருத்திருக்கும். ஆகவே காலுறையும் சப்பாத்தும் வாங்க மாலை நேரமே நல்லது.

2. மேல் பட்டை

காலுறையின் வாயில் உள்ள எலாஸ்டிக் பட்டை இறுக்கமாக இருக்கக்கூடாது. போட்ட பிறகு பட்டைக்கும் காலுக்கும் இடையே இரண்டு விரல்கள் எளிதாக நுழைய வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். தோலில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் அந்தக் காலுறை உங்களுக்கு வேண்டாம். கத்தரியால் பட்டையை வெட்டித் தளர்த்தவும் வேண்டாம். பிரிந்த நூல் விரலில் சுற்றிக்கொள்ளும்.

3. தையல்

காலுறைக்குள் கையை விட்டு, விரல் பகுதியில் உள்ள தையலைத் தடவிப் பாருங்கள். கயிறுபோல் தடித்திருந்தால் அது கால்விரலை நாள் முழுவதும் அழுத்தும். தையலே இல்லாத அல்லது தட்டையான தையல் உள்ள காலுறையைத் தேர்ந்தெடுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால், இருக்கும் காலுறையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடலாம். அப்போது தடித்த தையல் தோலைத் தொடாது.

4. துணி

பருத்தி மென்மையானது, எளிதில் கிடைப்பது, காற்றோட்டம் உள்ளது. ஆனால் வேர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும். வீட்டில் இருப்பவருக்கும் அதிகம் வேர்க்காதவருக்கும் பருத்தி போதும். நம் நாட்டு வெயிலில் நாள் முழுவதும் சப்பாத்து போடுகிறவர்களுக்கு, பருத்தியோடு பாலியெஸ்டர் போன்ற இழை கலந்த, ஈரத்தை வெளியே கடத்தும் விளையாட்டுக் காலுறை பொருத்தம். முழுக்க நைலானால் ஆன மெல்லிய காலுறை வேர்வையைத் தோலிலேயே தேக்கும். அதைத் தவிருங்கள்.

5. நிறம்

வெள்ளை அல்லது இளம் நிறக் காலுறையை வாங்குங்கள். இரத்தமோ சீழோ நீரோ கசிந்தால் வெள்ளையில் உடனே தெரியும். கறுப்பில் தெரியாது. உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது மிக முக்கியம். வலி சொல்லாததைக் காலுறையில் படிந்த கறை சொல்லிவிடும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

மேலே சொன்ன ஐந்தும் உங்களுக்குக் கட்டாயம். அவற்றோடு இவற்றையும் கவனியுங்கள்.

• அடிப்பாதத்தில் சற்று மெத்தென்று இருக்கும் காலுறை நல்லது. ஆனால் தடித்த காலுறை சப்பாத்தில் இடத்தை அடைத்துக்கொள்ளும். புதிய சப்பாத்து வாங்கப் போகும்போது இந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டு போங்கள். பழைய சப்பாத்து இறுக்கமானால் மெல்லிய காலுறைக்கு மாறுங்கள், அல்லது சப்பாத்தை மாற்றுங்கள்.

• தினமும் துவைத்த காலுறையைப் போடுங்கள். போடும் முன் உள்பக்கத்தைத் திருப்பி உதறுங்கள். சப்பாத்தையும் கவிழ்த்துத் தட்டிவிட்டு உள்ளே கையை விட்டுப் பாருங்கள். உணர்ச்சி குறைந்தவர் ஒரு சிறு கல்லோடு நாள் முழுவதும் நடந்துவிடுவார்.

• ஓட்டை விழுந்த காலுறையைத் தைத்துப் போடாதீர்கள். தைத்த இடம் மேடாகி உராயும். சிக்கனம் நல்ல குணம்தான், இந்த ஒன்றில் மட்டும் வேண்டாம்.

• “இனிப்பு நீர் காலுறை” என்று விலை உயர்த்தி விற்கப்படும் எல்லாமே சிறந்தவை என்று எண்ண வேண்டாம். பெட்டியில் எழுதியிருப்பதைவிட, மேலே சொன்ன ஐந்து அடையாளங்களும் இருக்கின்றனவா என்பதே முக்கியம். அவை இருந்தால் பாசார் மாலாமில் வாங்கிய காலுறையும் போதும். புண்ணை ஆற்றும், நரம்பைச் சரிசெய்யும், சர்க்கரையைக் குறைக்கும் என்று சொல்லி விற்கப்படும் காலுறையை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

• காலுறை மட்டும் போதாது. உணர்ச்சி குறைந்த பாதத்தோடு வெறுங்காலிலோ வெறும் காலுறையோடோ நடக்கக்கூடாது என்பதே பாத மருத்துவ நிபுணர்களின் அறிவுரை. வீட்டுக்குள்ளும் இது பொருந்தும். ஊசி, உடைந்த கண்ணாடி, மீன் முள் எதையும் காலுறை தடுக்காது.

வீட்டுக்குள் செருப்புப் போடுவது நம் வழக்கம் இல்லை. அதனால் வீட்டுக்கென்றே தனியாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். அது வாசலைத் தாண்டி வெளியே போகக்கூடாது. குதிகாலைப் பிடித்துக்கொள்ளும், முன்பக்கம் மூடிய, அடிப்பகுதி வழுக்காத மென்மையான வீட்டுக் காலணியாக இருக்கட்டும். விரல் இடுக்கில் பட்டை மாட்டும் சிலிப்பர் வேண்டாம். அந்தப் பட்டை உராய்ந்தே பலருக்குப் புண் வந்திருக்கிறது.

கால் வீங்குபவர்களுக்கு

நீண்ட நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் வயதானவர்களுக்குக் கணுக்கால் வீங்குவது உண்டு. சில இரத்த அழுத்த மருந்துகளாலும், குறிப்பாக அம்லோடிபினாலும், வீக்கம் வரலாம். ஆனால் இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றில் ஏற்படும் கோளாறுக்கும் கால் வீக்கமே முதல் அடையாளமாக இருக்கலாம். ஆகவே வீக்கத்துக்கு ஏற்ற காலுறையைத் தேடுவதற்கு முன் அதன் காரணத்தை டாக்டரிடம் கேளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

காரணம் தெரியும் வரை, வாய் அகன்ற, பட்டை இல்லாத தளர்வான காலுறையைப் போடுங்கள். உட்காரும்போது காலை ஒரு முக்காலியின் மேல் உயர்த்தி வையுங்கள்.

அழுத்தக் காலுறையை நீங்களாக வாங்காதீர்கள்

காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பவர்களுக்கும், இரத்தம் கீழே தேங்கி வீக்கமும் புண்ணும் வருகிறவர்களுக்கும் டாக்டர் அழுத்தக் காலுறையைப் பரிந்துரைப்பார். இது கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தி, இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ள உதவுகிறது. சரியானவருக்கு இது நல்ல மருந்து.

ஆனால் காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டிருப்பவர் இதைப் போட்டால், கொஞ்சம் போய்க்கொண்டிருக்கும் இரத்தமும் தடைப்படும். தோல் கருத்து அழுகவும் கூடும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இந்த அடைப்பு அதிகம் வருகிறது. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி போய்விடுவது இதன் ஓர் அடையாளம். பாதம் எப்போதும் குளிர்ந்திருப்பதும் கால்முடி உதிர்வதும் மற்ற அடையாளங்கள். உணர்ச்சி குறைந்தவருக்கு வலியே தெரியாமலும் இருக்கலாம்.

எனவே:

• பக்கத்து வீட்டு அக்கா போடுகிறார் என்றோ, கைப்பேசியில் விளம்பரம் வந்தது என்றோ அழுத்தக் காலுறையை வாங்காதீர்கள். முதலில் டாக்டர் உங்கள் காலின் இரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.
• சாதாரணக் காலுறைக்கு மாலையில் அளவு எடுக்கிறோம். அழுத்தக் காலுறைக்கு அதற்கு மாறாகக் காலையில், வீக்கம் வரும் முன் அளவெடுக்க வேண்டும்.
• காலையில் எழுந்ததும் போடுங்கள். டாக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் படுக்கும் முன் கழற்றுங்கள்.
• மேல் விளிம்பைச் சுருட்டியோ மடித்தோ விடாதீர்கள். அந்த இடத்தில் அழுத்தம் கூடி, கயிறு கட்டியதுபோல் ஆகும்.
• விரல்கள் மரத்துப்போனாலோ நீலம் அல்லது வெளிர் நிறம் ஆனாலோ வலித்தாலோ உடனே கழற்றிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.
• மருத்துவமனையில் அறுவை சிகிச்சையின்போது தந்த வெள்ளை நிற நீளக் காலுறை, படுக்கையில் இருப்பவருக்கானது. வீட்டுக்கு வந்து நடமாடும்போது அதைத் தொடரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
• ஒருவருடையதை இன்னொருவர் போடக்கூடாது.

சேற்றுப்புண் உள்ளவர்களுக்கு

விரல் இடுக்கில் வரும் அரிப்பும் ஊறலும் பெரும்பாலும் பூஞ்சைக் காளானால் வருபவை. இதற்கு வெப்பமும் ஈரமும் இருந்தால் போதும், வளரத் தொடங்கிவிடும். வாட்ச்மேன் வேலைக்கும், பத்து காவான் தொழிற்பேட்டையில் துப்புரவு வேலைக்கும் போய் மணிக்கணக்கில் சப்பாத்தோடு நிற்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

• ஈரத்தை வெளியே கடத்தும் காலுறையைப் போடுங்கள். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை உள்ள காலுறை விரல் இடுக்குகளை உலர்வாக வைக்கும். விரல்கள் வளைந்தவர்களுக்கு அது சரிவராது.
• பையில் ஒரு ஜோடி கூடுதலாக வைத்திருங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மாற்றுங்கள்.
• ஒரே சப்பாத்தைத் தினமும் போடாமல், இரண்டை மாற்றி மாற்றிப் போடுங்கள். நனைந்த சப்பாத்து உலர ஒரு நாளாவது தேவை.
• குளித்த பின் விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்திய பிறகே காலுறையைப் போடுங்கள்.
• உள்ளாடைக்கு முன் காலுறையைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பாதத்தில் உள்ள பூஞ்சை உள்ளாடையில் ஒட்டித் தொடை இடுக்குக்குப் போகும்.
• இந்தக் காலுறைகளை வீட்டாரின் துணியோடு சேர்க்காமல், தனியாக வெந்நீரில் துவையுங்கள்.

காலுறை மட்டுமே பூஞ்சையைக் குணப்படுத்தாது. கிரீம் தந்திருந்தால், அரிப்பு நின்றதும் விட்டுவிடாமல் சொன்ன நாள் வரை தடவுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் சேற்றுப்புண்ணைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. வெடித்த தோல் வழியாகக் கிருமி உள்ளே போய்க் கால் முழுவதும் பரவலாம்.

குதிகால் வெடிப்பு உள்ளவர்களுக்கு

இரவில் பாதத்தைக் கழுவி ஈரம் ஒற்றியெடுத்த பின், யூரியா கலந்த கிரீமையோ வாசலினையோ குதிகாலில் தடவுங்கள். அதன்மேல் தளர்வான பருத்திக் காலுறையைப் போட்டுக்கொண்டு தூங்குங்கள். காலுறை ஈரப்பதத்தைக் காக்கும், போர்வையிலும் ஒட்டாது. பல வாரங்கள் விடாமல் செய்தால் பலன் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, விரல் இடுக்கில் கிரீம் தடவாதீர்கள். அங்கே ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். இரண்டு, கிரீம் தடவிய காலுறையோடு இரவில் கழிவறைக்கு நடக்காதீர்கள். கட்டிலின் பக்கத்திலேயே வழுக்காத வீட்டுக் காலணியை வைத்திருங்கள்.

வெடிப்பைப் பிளேடால் சீவுவதும் கல்லால் அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். வெடிப்பில் இரத்தம் வந்தால் கிளினிக்குக்குப் போங்கள்.

கால் ஆணி, பெருவிரல் எலும்புப் புடைப்பு, வளைந்த விரல்

இவற்றுக்குக் காரணம் அழுத்தம். பெரும்பாலும் குற்றவாளி சப்பாத்துதான். விரல் பகுதி அகலமான, நன்றாக இழுபடும், தையல் இல்லாத காலுறை உராய்வைக் குறைக்கும். ஆனால் கூர்முனைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நல்ல காலுறையைத் தேடிப் பயனில்லை. முதலில் முன்பக்கம் அகன்ற, ஆழமான சப்பாத்துக்கு மாறுங்கள்.

கால் ஆணியைக் கரைக்கும் மருந்துப் பிளாஸ்டரில் அமிலம் உள்ளது. இனிப்பு நீர் உள்ளவர்களும் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் அதை ஒட்டக்கூடாது. ஆணியோடு நல்ல தோலையும் அது அரித்துவிடும்.

கால் குளிர்கிறது என்பவர்களுக்கு

இரவில் பாதம் சில்லென்று இருந்தால் தளர்வான பருத்திக் காலுறையைப் போடுங்கள். சுடுநீர்ப் பையை வைக்காதீர்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைப்பது நம்மிடையே பலருக்குப் பழக்கம். உணர்ச்சி குறைந்தவர்கள் இதைச் செய்யக்கூடாது. தண்ணீர் எவ்வளவு சூடு என்று பாதத்துக்குத் தெரியாது. தோல் வெந்து உரிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். குளிக்கும் தண்ணீரின் சூட்டையும் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள்.

வழுக்கி விழாமல் இருக்க

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார்கள். நம் வீடுகளின் தரையோ பளபளப்பான ஓடு அல்லது மொசாய்க். அதில் வெறும் காலுறையோடு நடப்பது எண்ணெய் தடவிய தரையில் நடப்பதற்குச் சமம். அடியில் ரப்பர்ப் புள்ளிகள் உள்ள காலுறை கொஞ்சம் உதவும். ஆனால் காலுறை திரும்பிக்கொண்டால் புள்ளிகள் மேலே போய்விடும், தேய்ந்தால் பிடிப்பு இருக்காது. காலுறையோடு மாடிப்படி ஏறி இறங்காதீர்கள். குளியலறைக்குள் காலுறையோடு போகாதீர்கள்.

கோயிலுக்குப் போகும்போது

கோயிலில் செருப்பைக் கழற்றுவது நம் மரபு. உணர்ச்சி குறைந்தவர்கள் உச்சிவெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றினால், பாதம் வெந்தாலும் தெரியாது. காலையிலோ மாலையிலோ போங்கள். நிழலிலும் விரிப்பிலும் நடங்கள். வெறும் காலுறையோடு உள்ளே வரலாமா என்று கோயில் நிர்வாகத்திடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்துப் பாருங்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வெறுங்காலில் நடப்பதாகவோ தீமிதிப்பதாகவோ வேண்டுதல் இருந்தால் முதலில் டாக்டரிடம் பேசுங்கள். சுட்ட தார்ச்சாலையின் வெப்பத்தை மெல்லிய காலுறை தடுக்காது. நேர்த்தியை வேறு விதமாக நிறைவேற்றலாமா என்று குடும்பத்தாரோடும் குருக்களோடும் கலந்து பேசலாம்.

போடுவதும் துவைப்பதும்

உட்கார்ந்துகொண்டே காலுறையைப் போடுங்கள். ஒற்றைக்காலில் நின்றபடி போடும்போது விழுபவர்கள் உண்டு. காலுறையைக் குதிகால் வரை சுருட்டி, விரல்களை முதலில் நுழைத்து, பிறகு மெதுவாக மேலே இழுங்கள். குனிய முடியாதவர்களுக்குக் காலுறையை மாட்ட உதவும் கயிறு கட்டிய கருவி மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கும். போட்ட பிறகு கையால் தடவி மடிப்புகளை நீக்குங்கள்.

உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவையுங்கள். சோப்பு நுரை போக நன்றாக அலசுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது துணியின் ஈரம் கடத்தும் தன்மையைக் குறைக்கும். வெயிலில் காயவையுங்கள். மழைக்காலத்தில் மின்விசிறியின் கீழ் காயவையுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததைப் போடாதீர்கள். இதற்காகவே ஐந்து, ஆறு ஜோடிகள் கைவசம் இருக்கட்டும்.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம்

கீழே உள்ளவற்றில் ஏதேனும் இருந்தால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

• இனிப்பு நீர் உள்ளவருக்குப் பாதத்தில் புதிய புண், கொப்புளம், வெட்டுக்காயம்
• காலுறையில் இரத்தம், சீழ், துர்நாற்றம்
• பாதம் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்குதல் (வலி இல்லாவிட்டாலும்)

கீழே உள்ளவற்றுக்கு நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999க்கு அழையுங்கள்.

• புண்ணோடு காய்ச்சல், குளிர் நடுக்கம்
• விரலோ பாதமோ கருத்துப்போதல், அல்லது திடீரென்று வெளிறிச் சில்லிட்டு வலித்தல்
• ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்தல்
• கால் வீக்கத்தோடு மூச்சுத் திணறல் அல்லது நெஞ்சுவலி

தென் செபராங் பிறை வட்டாரத்தில் சுங்கை பாக்காப் அரசாங்க மருத்துவமனை உள்ளது. மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் வெளிநோயாளிப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான்.

“போனால் காலை எடுத்துவிடுவார்கள்” என்ற பயம்

இந்தப் பயம் நம்மிடையே உண்டு. உறவினரோ பக்கத்து வீட்டாரோ மருத்துவமனைக்குப் போய்க் காலை இழந்து திரும்பியதைப் பலர் பார்த்திருக்கிறோம். அதனால் புண்ணை மறைத்து, மஞ்சளோ காப்பித் தூளோ வைத்துக் கட்டி, மேலே காலுறையைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு.

பெரும்பாலும் காலை எடுக்க வேண்டி வருவது, புண் எலும்பு வரை போன பிறகோ, இரத்த ஓட்டம் நின்ற பிறகோ, கிருமி உடலெங்கும் பரவத் தொடங்கிய பிறகோதான். முதல் வாரத்தில் கிளினிக்குக்கு வரும் சின்னப் புண்ணுக்குச் செய்வது பெரும்பாலும் சுத்தம் செய்தல், கட்டுப் போடுதல், மருந்து, அந்த இடத்தில் அழுத்தம் படாமல் பார்த்தல் ஆகியவைதான். சீக்கிரம் போவதுதான் காலைக் காக்கும் வழி.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்: அம்மாவோ அப்பாவோ காலுறையைக் கழற்ற மறுத்தாலோ, காலுறையில் வாடை வந்தாலோ, திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தைப் பாருங்கள். பண்டிகைக்குப் புடவையும் வேட்டியும் வாங்கும்போது, அளவு பார்த்து ஆறு ஜோடி வெள்ளைக் காலுறையும் வாங்கிக் கொடுங்கள்.

நினைவில் கொள்ள:

1. அளவு சரி, பட்டை தளர்வு, தையல் தட்டை, துணி மென்மை, நிறம் வெள்ளை.
2. தினமும் மாற்றுங்கள். கழற்றும்போது காலுறையையும் பாதத்தையும் பாருங்கள்.
3. வெறும் காலுறையோடு நடக்காதீர்கள்.
4. டாக்டர் சொல்லாமல் அழுத்தக் காலுறை வேண்டாம்.
5. புண் வந்தால் மறைக்காதீர்கள். அன்றே போங்கள்.